ஆங்கிலேயக் கிராமமும் பாரிஷும்: லாக்ஸ்டன் என்னும் சிற்றூரை முன்வைத்து ஓர் எளிய அறிமுகம்

இங்கிலாந்தின் ஏதேனும் ஒரு சிற்றூரின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர் முதல் சில பக்கங்களிலேயே குழம்பிப்போவதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஒரே ஊரை அந்நூல்கள் ஓரிடத்தில் கிராமம் என்றும், மற்றோரிடத்தில் பாரிஷ் என்றும், இன்னோரிடத்தில் மேனர் என்றும் குறிப்பிடும். மூன்றும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டு படித்தால் ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றும். உண்மையில் இவை ஒரே மண்ணின்மீது வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காக உருவான மூன்று அமைப்புகள். கிராமம் என்பது வீடுகள் கூடி நிற்கும் குடியிருப்பு. மேனர் என்பது ஒரு பிரபுவின் நில உரிமையும், அந்த நிலத்தில் உழைப்பவர்கள்மீது அவருக்கிருந்த அதிகாரமும் சேர்ந்தது. பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்துக்கு உரிய எல்லைப்பரப்பு. நம் கத்தோலிக்கர்கள் பங்கு என்று சொல்வது இதைத்தான். ஆனால் இங்கிலாந்தில் அது சமய எல்லையாக மட்டும் நின்றுவிடாமல், சாலை போடுவதிலிருந்து ஏழைக்குச் சோறு போடுவதுவரை எல்லாவற்றையும் சுமந்த அரசாங்க அலகாகவும் வளர்ந்தது.

இம்மூன்றையும் பிரித்துப் பார்த்துப் பழகுவதற்கு நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டனைவிட ஏற்ற ஊர் வேறில்லை என்பது என் கருத்து. நியூவார்க் நகருக்கு வடக்கே, களிமண் பூமியில் அமைந்த மிகச் சிறிய ஊர் அது. மற்ற ஊர்களில் ஏட்டில் மட்டுமே எஞ்சியிருக்கும் பழைய வேளாண் முறை இங்கே இன்றும் வயலில் நடைமுறையில் இருக்கிறது. ஊருக்குள் நடந்தால் முதலில் கண்ணில் படுவது பண்ணை வீடுகள் நிற்கும் விதம். இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகளில் விவசாயியின் வீடு ஊரைவிட்டு விலகி, அவருடைய சொந்த வயல்களின் நடுவே தனியாக நிற்கும். லாக்ஸ்டனிலோ பண்ணை வீடுகளும் களஞ்சியங்களும் தெருவை ஒட்டியே வரிசையாக நிற்கின்றன. பல வீடுகள் தெருவுக்கு முகத்தைக் காட்டாமல் பக்கவாட்டுச் சுவரைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாக நீண்ட மனையோடு அமைந்திருக்கின்றன. ஒருவருடைய நிலம் ஓரிடத்தில் இல்லாமல் ஊரைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடந்தால், அவர் ஊர் நடுவில் குடியிருப்பதே வசதி. அந்த வசதியின் தடயமே இந்தத் தெருவமைப்பு.

இந்த ஊரும் பாரிஷும் ஒன்றல்ல என்பதற்கும் லாக்ஸ்டனே சான்று. இன்றைய சிவில் பாரிஷின், அதாவது சமயம் சாராத உள்ளாட்சி அலகின், பெயர் 'லாக்ஸ்டன் அண்டு மூர்ஹவுஸ்'. மூர்ஹவுஸ் சற்றுத் தள்ளியிருக்கும் தனிக் குக்கிராமம். ஆயினும் எல்லைக்கோட்டுக்கு உள்ளே இருப்பதால் அதுவும் சேர்ந்தே கணக்கிடப்படுகிறது. ஓர் ஆங்கிலேயப் பாரிஷுக்குள் இரண்டு மூன்று குடியிருப்புகள் இருக்கலாம். ஒரு பாரிஷுக்குள் இரண்டு மேனர்கள் இருக்கலாம். ஒரு மேனரே இரண்டு பாரிஷ்களில் பரவியும் கிடக்கலாம். மக்கள்தொகை எண்ணிக்கையையோ வரிப் பட்டியலையோ பார்க்கும்போது, அது இவற்றுள் எந்த எல்லையைப் பற்றிப் பேசுகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

காலவரிசையில், ஆவணங்களில் முதலில் தெளிவாகத் தெரிவது மேனர். 1066-இல் நார்மன் படையெடுப்பில் வென்ற வில்லியம் மன்னர், இருபது ஆண்டுகள் கழித்துத் தம் நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது, அதிலிருந்து எவ்வளவு வருமானம் வரும் என்று கணக்கெடுக்கச் செய்தார். 1086-ஆம் ஆண்டின் அந்தக் கணக்கே டூம்ஸ்டே புத்தகம். பெரும்பாலான ஆங்கிலேயக் கிராமங்களின் பெயர் எழுத்தில் முதன்முதலாகத் தென்படுவது அதில்தான். ஆகவே உள்ளூர் வரலாற்றாசிரியர்கள் அதிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அது ஊர்களின் பிறந்தநாள் பதிவு அன்று. ஏற்கெனவே இருந்த ஊர்களின் வருமானப் பட்டியல் மட்டுமே. லாக்ஸ்டன் அதற்கு முன் டோக்கி என்பவரிடம் இருந்ததாகவும், கணக்கெடுத்த காலத்தில் ஜெஃப்ரி ஆல்செலின் என்ற நார்மன் பிரபுவிடம் இருந்ததாகவும் அப்புத்தகம் குறிக்கிறது. அந்த இரண்டு பெயர்களுக்கு இடையில் ஓர் ஆட்சிமாற்றமே அடங்கியிருக்கிறது. ஊருக்கு வடக்கே நார்மன்கள் எழுப்பிய மண்மேட்டுக் கோட்டையின் மேடு புல் மூடிய நிலையில் இன்றும் நிற்கிறது. ஷெர்வுட் காட்டின் அரசுக் காவல் பொறுப்பை வகித்த டி காக்ஸ் குடும்பமும், அவர்களுக்குப் பின் வாரிசுரிமையால் வந்த எவரிங்ஹாம் குடும்பமும் அங்கிருந்தே அதிகாரம் செலுத்தின. எவரிங்ஹாம்களின் கல்லறைச் சிற்பங்களைப் புனித மிக்கேல் தேவாலயத்தில் காணலாம்.

பிரபுக்களின் பெயர்வரிசையைவிட, அவர்களுடைய நிலத்தில் வேளாண்மை நடந்த விதமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இடைக்கால இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பரவலாக இருந்த முறையைத் திறந்த வயல் முறை என்பார்கள். ஊரைச் சுற்றி வேலியோ உள்வரப்போ இல்லாத மிகப் பெரிய வயல்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். லாக்ஸ்டனில் அவை மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்னும் மூன்று. ஒவ்வொரு வயலும் நீண்ட, குறுகிய கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று வயல்களிலும் சில கீற்றுகள் இருக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும், மேட்டு நிலமும் தண்ணீர் தேங்கும் பள்ளமும் இதனால் எல்லார் கைக்கும் கலந்தே வந்தன. ஒரு வயலில் இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை நிற்கும். இரண்டாவதில் வசந்தத்தில் விதைத்த பார்லியோ, பட்டாணி, பீன்ஸ் வகைகளோ நிற்கும். மூன்றாவது அந்த ஆண்டு தரிசாகக் கிடந்து இளைப்பாறும். மறு ஆண்டு இவை இடம் மாறும். ஒரு குடும்பத்தின் கீற்றுகள் முழுவதும் ஒரே வயலில் இருந்தால், அந்த வயல் தரிசாகும் ஆண்டில் அக்குடும்பம் பட்டினி கிடக்க வேண்டும். மூன்றிலும் பங்கு இருப்பதன் அடிப்படை இந்தக் கணக்குத்தான்.

அறுவடை முடிந்தபின் அந்தத் தாள் நிலம் தனியார் நிலமாக நடத்தப்படாது. கீற்று யாருடையதாக இருந்தாலும், உரிமையுள்ள எல்லாருடைய ஆடுமாடுகளும் அங்கே மேயலாம். அவற்றின் சாணமே அடுத்த விதைப்புக்கு எரு. இப்படி நிலம் பாதி நாள் தனியுடைமையாகவும் பாதி நாள் பொதுவாகவும் இருந்ததால், எவரும் தம் விருப்பப்படி எதையும் எப்போதும் விதைத்துவிட முடியாது. எப்போது உழுவது, எந்த நாளில் மந்தையை உள்ளே விடுவது, ஒருவர் எத்தனை ஆடு மேய்க்கலாம் என்பவையெல்லாம் ஊர்கூடி முடிவு செய்ய வேண்டியவை. வழிதவறி வந்த மாடுகளை அடைத்துவைக்கப் பட்டி ஒன்றும், அதற்குப் பொறுப்பாளி ஒருவரும் இருந்தனர். அபராதம் கட்டினால்தான் மாடு திரும்பும்.

லாக்ஸ்டனின் நிலம் எப்படிக் கிடந்தது என்பதை நாம் இவ்வளவு துல்லியமாக அறிவதற்குக் காரணம் 1635-இல் வரையப்பட்ட ஒரு வரைபடம். அப்போது மேனரின் உரிமையாளராக இருந்த சர் வில்லியம் கோர்ட்டென் என்ற லண்டன் வணிகருக்காக மார்க் பியர்ஸ் என்னும் நில அளவையாளர் ஊரை அளந்து, கீற்றுக் கீற்றாக வரைந்து, எது யாருடையது என்று தனி ஏட்டில் எழுதிவைத்தார். ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் அந்த வரைபடம் இருக்கிறது. கோடுகளோடு பியர்ஸ் நிறுத்திக்கொள்ளவில்லை. வயல்களின்மீது ஏர் உழுபவர்களையும் கதிர் அறுப்பவர்களையும் மேயும் கால்நடைகளையும் மிகச் சிறிய உருவங்களாகத் தீட்டியிருக்கிறார். இந்த கோர்ட்டென் கிராமத்து மனிதர் அல்லர். பார்படோஸ் தீவில் ஆங்கிலக் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர். லாக்ஸ்டன் அளக்கப்பட்ட அதே 1635-இல், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியக் கடற்கரையிலும் சீனத்திலும் வணிகம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னரின் அனுமதியைப் பெற்ற குழுவின் பின்னணியில் இருந்தவரும் இவரே. நிலத்தைச் சொத்தாகப் பார்க்கும் வணிகக் கண்ணுக்கு அப்படியொரு துல்லியமான வரைபடம் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

மேனரின் விதிகளைக் காத்தது கோர்ட் லீட் என்னும் மேனர் நீதிமன்றம். மற்ற பெரும்பாலான இடங்களில் இவை ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. எஞ்சியிருந்த பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியபோதும், லாக்ஸ்டனின் நீதிமன்றம் தன் வழக்கமான பணியைத் தொடர இடமளித்தது. நவம்பர் இறுதியில் ஜூரி உறுப்பினர்களான விவசாயிகள், அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலுக்குச் செல்கிறார்கள். யாராவது தம் கீற்றைத் தாண்டி, பொதுப் பாதையிலோ 'சைக்' எனப்படும் பொதுப் புல்நிலத்திலோ ஏரை ஓட்டியிருக்கிறார்களா என்று பார்த்து, எல்லை கலைந்த இடங்களில் முளைக்கம்பை அடித்துவிட்டு வருகிறார்கள். சில நாள் கழித்து 'டவ்கோட் இன்' என்னும் மதுவிடுதியில் நீதிமன்றம் கூடி, மீறியவர்களுக்குச் சில பவுண்டுகள் அபராதம் விதிக்கிறது. அடுத்த ஆண்டுக்கான ஜூரியும் அங்கேயே பதவியேற்கிறது. தொகை சிறிதுதான் என்றாலும், தம்மைப் போன்ற விவசாயிகள் கூடியிருக்கும் அறையில் பெயர் வாசிக்கப்படுவது யாருக்கும் உவப்பாக இராது.

மற்ற ஊர்களில் இந்த முறை ஏன் அழிந்தது என்றால், வேலியடைப்பினால். சிதறிக் கிடந்த கீற்றுகளைத் திரட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் நிலம் ஒதுக்கி, அதைச் சுற்றி உயிர்வேலி நட்டுப் பொது மேய்ச்சல் உரிமையை ஒழிப்பதே அது. சில இடங்களில் உடன்பாட்டினாலும், 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான தனித்தனி நாடாளுமன்றச் சட்டங்களினாலும் இது நடந்தது. விளைச்சல் கூடியது, பெரிய நிலக்காரருக்கு வாடகையும் கூடியது. ஒரு பசுவையும் சில வாத்துகளையும் பொதுநிலத்தில் மேய்த்துப் பிழைத்த கூலிக் குடும்பத்துக்கு அந்தப் பிடிமானம் போயிற்று. லாக்ஸ்டன் தப்பியதற்கு நாட்டுப்பற்றோ பழைமைப்பற்றோ காரணமில்லை. இங்கே நிலம் பெரும்பாலும் மேன்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு ஆகிய இருவருக்கிடையே பங்காகக் கிடந்தது. நிலத்தை மாற்றிக்கொள்வதில் இருவருக்கும் உடன்பாடு எட்டவில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அப்படியும் வயல்களின் ஓரப்பகுதிகள் படிப்படியாக அடைக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீற்றுகள் இணைக்கப்பட்டு அகலமாயின. ஆகவே இன்று அங்கே காண்பது இடைக்காலத்தின் அச்சு அசல் நகல் அன்று. தொடர்ந்து மாறிக்கொண்டே பிழைத்திருக்கும் ஒரு முறை.

இனி பாரிஷ். 10-ஆம் நூற்றாண்டிலிருந்து நிலப்பிரபுக்கள் தங்கள் நிலத்தில் சிறு தேவாலயங்களைக் கட்டினார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தர வேண்டும் என்பது சட்டமானபோது, எந்த வயலின் தசமபாகம் எந்தக் குருவுக்குச் சேரும் என்பது வருமானப் பிரச்சினையாயிற்று. பாரிஷ் எல்லை உறுதிப்பட்டது இதனால்தான். 12-ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் பெரும்பாலான கிராமப்புற எல்லைகள் இறுகிப்போய், அதன்பின் 19-ஆம் நூற்றாண்டுவரை அதிகம் அசையவில்லை. வரைபடங்கள் அரிதாக இருந்த காலத்தில் அந்த எல்லையை நினைவில் வைத்திருக்க ஒரு சடங்கு உதவியது. கிறிஸ்துவின் விண்ணேற்றத் திருநாளை ஒட்டிய நாள்களில் குருவும் ஊராரும் எல்லை நெடுகிலும் நடந்து, குறிக்கற்களையும் மரங்களையும் கோலால் தட்டிக்கொண்டே செல்வார்கள். சிறுவர்களை எல்லைக் கல்லில் இலேசாக மோதவிடுவதும் உண்டு. வலித்த இடம் மறக்காது. அறுபது ஆண்டுகள் கழித்து வழக்கு வந்தால் சாட்சி சொல்ல ஆள் இருக்கும்.

பாரிஷ் அரசின் கருவியாக மாறியது டியூடர் மன்னர்கள் காலத்தில். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் ஓர் ஆணை பிறப்பித்தார்: ஒவ்வொரு பாரிஷிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் ஏட்டில் எழுத வேண்டும், அந்த ஏட்டை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்து, ஒரு சாவி குருவிடமும் மற்றொன்று தேவாலயக் காரியங்களைக் கவனிக்கும் ஊர்ப் பிரதிநிதிகளான சர்ச் வார்டன்களிடமும் இருக்க வேண்டும். 1603-ஆம் ஆண்டின் திருச்சபை விதிகள் பூட்டை மூன்றாக்கின. ஒற்றை மரத்துண்டைக் குடைந்து இரும்புப் பட்டை அடித்த அத்தகைய பெட்டிகளைப் பல கிராமத் தேவாலயங்களில் இன்றும் பார்க்கலாம். 1837-இல் அரசு பிறப்பு இறப்புப் பதிவைத் தொடங்கும்வரை, ஒரு சாதாரண ஆங்கிலேய விவசாயக் கூலியின் பெயர் வாழ்நாளில் எழுத்தில் பதிவானது பெரும்பாலும் இந்த ஏட்டில்தான். அதுவும் மூன்று முறை. தம் குடும்ப வேர்களைத் தேடுபவர்கள் முதலில் இவற்றை நாடுவது இதனாலேயே.

1555-ஆம் ஆண்டுச் சட்டம் சாலைப் பராமரிப்பைப் பாரிஷின் தலையில் வைத்தது. ஊரார் ஆண்டுக்கு நான்கு நாள் சம்பளமின்றி வேலை செய்ய வேண்டும், சில ஆண்டுகளில் அது ஆறு நாளாயிற்று. அதைவிடப் பெரிய சுமை 1601-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம். ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே பராமரிக்க வேண்டும். அதற்காக வீட்டுக்காரர்களிடமும் நிலக்காரர்களிடமும் வரி வசூலிக்க மேற்பார்வையாளர்களை ஆண்டுதோறும் நியமிக்க வேண்டும். இவர்கள் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் அல்லர். அந்த ஆண்டு முறை வந்த பக்கத்து வீட்டு விவசாயிகள்.

தன் ஏழைகளை மட்டும் என்ற அந்தச் சொல்லில்தான் துன்பம் முழுவதும் இருந்தது. யார் எந்தப் பாரிஷைச் சேர்ந்தவர் என்பதை 1662-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வரையறுத்தன. ஓர் ஊரில் ஓராண்டு முழுவதும் வேலைக்காரராக இருந்தால் அவ்வூரின் உரிமை கிடைக்கும் என்று விதி வந்ததும், ஓராண்டுக்குச் சில நாள் குறைவாக ஆள் அமர்த்துவது விவசாயிகளின் தந்திரமாயிற்று. நிறைமாதக் கர்ப்பிணியான ஏழைப் பெண்ணை அவசரமாக எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். குழந்தை தங்கள் பாரிஷில் பிறந்தால் அதன் பொறுப்பு தங்களுடையதாகிவிடுமே என்ற அச்சம். 1697-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவி பெறுபவர் வலது தோளில், பாரிஷ் பெயரின் முதலெழுத்தோடு, ஏழை என்பதைக் குறிக்கும் 'பி' என்ற ஆங்கில எழுத்தையும் சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும். ஆயினும், ஒரு விதவைக்கு வாரந்தோறும் சில்லிங், ஒரு சிறுவனுக்குக் காலணி, ஒரு முதியவரின் சவப்பெட்டிக்குச் செலவு என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்ட மேற்பார்வையாளர் கணக்கேடுகளைப் பார்த்தால், அவர்கள் கொடுத்ததும் கண்ணில் படாமல் போகாது. கொடுமையும் கருணையும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன.

1834-இல் இந்தப் பொறுப்பு பல பாரிஷ்கள் சேர்ந்த யூனியன்களுக்கும், ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய அவற்றின் பணிமனை இல்லங்களுக்கும் மாறியது. அந்தப் புதிய சட்டத்துக்கு முன்மாதிரியாக இருந்தவற்றுள் ஒன்று லாக்ஸ்டன் இருக்கும் அதே நாட்டிங்ஹாம்ஷயரில், சௌத்வெல்லில் 1824-இல் கட்டப்பட்ட பணிமனை இல்லம். அக்கட்டடம் இன்று அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. 1836-இல் தசமபாகம் தானியத்திலிருந்து பணத்துக்கு மாற்றப்பட்டபோது வரையப்பட்ட வரைபடங்கள், எந்தத் துண்டு நிலம் யாருடையது, அதில் குடியிருப்பவர் யார் என்பதைச் சொல்வதால், ஒரு கிராமத்தைப் பற்றி அறிய விரும்புபவர் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் முதலில் கேட்க வேண்டியவை அவையே. 1866-இல் சமயப் பாரிஷும் சிவில் பாரிஷும் சட்டத்தில் பிரிந்தன. 1894-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் சிவில் பாரிஷ்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களைத் தந்தது. அதில் வாக்களிக்கவும் போட்டியிடவும் பெண்களுக்கும் இடமிருந்தது. விளையாட்டுத் திடல், நடைபாதை, கல்லறைத் தோட்டம், பேருந்து நிழற்குடை போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் இத்தகைய உள்ளூர் மன்றங்கள் இங்கிலாந்தில் இன்று சுமார் 10,000 இருக்கின்றன.

லாக்ஸ்டனின் மேனர் இதற்கிடையில் வேறு வழியில் பயணப்பட்டது. மேன்வர்ஸ் பிரபுவின் குடும்பம் 1952-இல் அதை அரசின் வேளாண் அமைச்சகத்துக்கு விற்றது. திறந்த வயல் முறையைக் காப்பதே வாங்கியதன் நோக்கம். 1981-இல் அது, முடியாட்சிக்குரிய சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டின் கைக்கு வந்தது. 2018-இல் அந்த அமைப்பு ஊரை விற்கப்போவதாக அறிவித்ததும், புதிய உரிமையாளர் வயல்களை அடைத்துவிட்டால் என்னாகும் என்ற கவலை எழுந்தது. இறுதியில் 2020-இல் வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது பழைய மேன்வர்ஸ் குடும்பத்தின் வழிவந்த பண்ணை நிறுவனம். இத்தனை கைமாறலிலும் பாரிஷின் எல்லைக்கோடு ஓர் அடிகூட நகரவில்லை. விற்பனைக்கு வந்தது நிலமும் பிரபு என்ற பட்டமும் மட்டுமே. குத்தகை விவசாயிகளுக்கு நிலச் சொந்தக்காரர் மாறினார். கோதுமை வயலில் முளைக்கம்பு அடிக்கப் போக வேண்டிய நவம்பர் மாதம் வழக்கம்போல் வந்தது.